படத்துக்குச் சொந்தக்காரர் யார்? - பெர்ண்ட் ஐஷிங்கரின் கணக்கு

சினிமா பார்க்கிறவர்கள் முதலில் நடிகர் யார் என்று கேட்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இயக்குநர் யார் என்று கேட்பார்கள். தயாரிப்பாளர் பெயர் திரையில் ஓடும்போது பாதிப் பேர் இன்னும் பாப்கார்ன் வரிசையில்தான் நிற்பார்கள். பணம் போடுகிறவர், லாபம் வந்தால் அள்ளிக்கொள்கிறவர், நஷ்டம் வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறவர்... தயாரிப்பாளர் என்றால் அவ்வளவுதான் என்பது பொதுவான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க ஜெர்மனியின் பெர்ண்ட் ஐஷிங்கரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். பெயர் புதிதாக இருக்கலாம், படங்கள் புதிதல்ல. பாதாள அறையில் மேஜையைச் சுற்றித் தளபதிகள் நிற்க, ஹிட்லர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கத்துவாரே, யூட்யூபில் ஆளாளுக்கு அதன் அடியில் வேறு வசனம் எழுதிச் சிரிப்பார்களே, அது 'டௌன்ஃபால்' (2004). அதற்கு முன்னால் ஷான் கானரி துறவியாக நடித்த 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' (1986). வெள்ளை டிராகன் மேல் பையன் பறக்கும் 'தி நெவர் எண்டிங் ஸ்டோரி' (1984). வாசனைக்காகக் கொலை செய்கிறவனின் கதை 'பெர்ஃப்யூம்' (2006). செத்தவர்கள் எழுந்துவந்து கடிக்கும் 'ரெசிடென்ட் ஈவில்' (2002). ஐந்து படத்துக்கும் ஐந்து வேறு வேறு இயக்குநர்கள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. தயாரிப்பில் மட்டும் ஒரே பெயர்.

ஐஷிங்கர் 1949-ல் பவேரியாவில் டான்யூப் கரையில் இருக்கும் நாய்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். 1970-ல் மியூனிக் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஜெர்மன் சினிமாவின் நிலைமையைத் தெரிந்துகொள்ளாமல் இவர் செய்தது புரியாது. 1962-ல் ஓபர்ஹவுசன் என்ற ஊரில் இளைஞர்கள் கூடி, பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை விட்டார்கள். 1968 முதல் சினிமாவுக்கு உதவ ஒரு சட்டமும் நிதியும் வந்தன. 1974-ல் தொலைக்காட்சி நிலையங்களும் சினிமாவுக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டன. ஃபாஸ்பிண்டர், வெண்டர்ஸ், ஹெர்சாக் என்று உலகமே கொண்டாடிய பெயர்கள் இந்த மண்ணில் முளைத்தவைதான். இயக்குநரே எழுதுவார், இயக்குவார், பல சமயம் தயாரிப்பதும் அவரேதான். தயாரிப்பாளர் என்ற நாற்காலியே காலியாகக் கிடந்தது என்று சொல்லலாம்.

ஐஷிங்கர் அதில் போய் உட்கார்ந்தார். 1974-ல், படிப்பு முடிந்த கையோடு, சோலாரிஸ் என்று ஒரு சின்ன கம்பெனி. எடுத்தவுடனேயே மசாலா படம் எடுத்த ஆள் அல்ல. விம் வெண்டர்ஸின் 'தவறான நகர்வு' (1975) அவர் தயாரிப்பில் பங்கெடுத்த படம். ஸீபர்பெர்க் ஹிட்லரைப் பற்றி எடுத்த ஏழு மணி நேரத்துக்கும் அதிகமான பிரம்மாண்டமான பரிசோதனைப் படத்தின் (1977) பின்னாலும் அவர் இருந்தார். அதே 1977-ல் வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய 'விளைவு' என்ற தொலைக்காட்சிப் படம், இரண்டு ஆண்களின் காதலைப் பற்றியது. நாடு முழுவதும் ஒளிபரப்பானபோது பவேரிய நிலையம் மட்டும் தன் பகுதியில் அதைக் காட்ட மறுத்துவிட்டது. சொந்த மாநிலத்திலேயே இருட்டடிப்பு! பின்னாளில் இவரை வெறும் வியாபாரி என்று திட்டினவர்கள் இந்த ஆரம்பக் கணக்கைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

1979-ல்தான் திருப்பம். கான்ஸ்டன்டின் என்பது 1950-ல் தொடங்கிய பெரிய விநியோக நிறுவனம், 1977-ல் திவாலாகிப் போனது. அதன் இடிபாடுகளிலிருந்து 'புதிய கான்ஸ்டன்டின்' என்ற பெயரில் எழுந்த கம்பெனியில் ஐஷிங்கர் பங்குதாரராக நுழைந்தார். வயது முப்பது. இந்த முடிவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். படம் எடுப்பவரிடம் விநியோகமும் இருந்தால் என்ன ஆகும்? தியேட்டர்காரரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எந்த வாரம் வெளியிடுவது, எத்தனை பிரதி போடுவது, போஸ்டரில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே கையில். வணிகவியல் புத்தகத்தில் செங்குத்து ஒருங்கிணைப்பு என்று ஒரு பாடம் வருமே, பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக, அதை வாழ்ந்து காட்டியவர் இவர்.

முதல் பெரிய அடி 'கிறிஸ்டியானே எஃப்.' (1981). மேற்கு பெர்லினில் ஸூ ரயில் நிலையத்தருகே போதைக்கு அடிமையான பதின்வயதுப் பிள்ளைகளின் உண்மைக் கதை, ஏற்கெனவே புத்தகமாக வந்து நாட்டையே உலுக்கியிருந்தது. ரோலண்ட் கிளிக் என்பவர்தான் முதலில் இயக்குவதாக இருந்தது. படப்பிடிப்பு நெருங்கும் வேளையில் அவரை மாற்றிவிட்டுத் தன் கல்லூரித் தோழர் உலி ஏடலைக் கொண்டுவந்தார் ஐஷிங்கர். டேவிட் போவியின் இசை, போவியே ஒரு காட்சியில் தோன்றியது எல்லாம் சேர்ந்து படம் எல்லை தாண்டி ஓடியது. இயக்குநரைத் தூக்கிவிட்டுப் படத்தைக் காப்பாற்றலாம் என்பது அன்றைய ஜெர்மன் சினிமாவில் தெய்வ நிந்தனை மாதிரி. இயக்குநர்தானே அங்கே சாமி!

அடுத்தது 'நெவர் எண்டிங் ஸ்டோரி'. சுமார் 6 கோடி மார்க் செலவு, அதுவரை ஜெர்மனியில் எந்தப் படத்துக்கும் ஆகாத தொகை. மியூனிக்கின் பவேரியா ஸ்டுடியோவில் டிராகனும் கல் மனிதனும் பொம்மையாகச் செய்யப்பட்டார்கள். வியாபாரமும் இரண்டு விதமாக நடந்தது. ஜெர்மன் பதிப்பு ஒன்று, உலகச் சந்தைக்குச் சில நிமிடங்கள் குறைத்து வேறு பாட்டும் சேர்த்த பதிப்பு ஒன்று. ஜெர்மனியில் மட்டும் சுமார் 50 லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஆனால் கதையை எழுதிய மிஷாயேல் எண்டே பார்த்துக் கொதித்துப் போனார். தன் நாவலின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஆன்மாவை உருவிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். படத்தின் தொடக்கத்தில் அவர் பெயர் இல்லாமல் போனது. சட்டப்படி பார்த்தால் கையெழுத்துப் போட்டு உரிமையை விற்றாகிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு என்று கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள். ஆனால் வீட்டை விற்பதும் கதையை விற்பதும் ஒன்றா? வீட்டை வாங்கினவர் சுவரை இடித்தால் விற்றவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கதையை இடித்தால் எழுதினவர் தலையில்தான் செங்கல் விழும், ஏனென்றால் படம் பார்க்கிற குழந்தை அதை எண்டேயின் கதை என்றுதான் நினைத்துக்கொள்கிறது. இந்த வழக்கில் ஐஷிங்கர் தரப்பு ஜெயித்தது சரி. நியாயம் முழுக்க அவர்கள் பக்கம் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் இவருடைய தொழிலே புத்தகங்களின் மேல் நின்றது. உம்பெர்த்தோ எக்கோ, இசபெல் அயேந்தே ('ஆவிகளின் வீடு', 1993), பீட்டர் ஹோ ('ஸ்மில்லா', 1997), மிஷெல் வெல்பெக் ('அடிப்படைத் துகள்கள்', 2006)... புத்தகக் கடையில் மேல் வரிசையில் இருக்கும் நாவலைப் பார்த்தால் ஐஷிங்கர் சட்டைப் பையைத் தடவுவார் போல. 'நேம் ஆஃப் தி ரோஸ்' அமெரிக்காவில் 70 லட்சம் டாலர் அளவுக்கே வசூலித்தது. ஐரோப்பாவில் கொட்டிய பணத்தில் அந்தக் குறை காணாமல் போனது. அமெரிக்காவில் ஓடினால்தான் உலகப் படம் என்ற கணக்கு அன்றே பொய்த்திருக்கிறது.

'பெர்ஃப்யூம்' கதை இன்னும் சுவாரஸ்யம். பாட்ரிக் ஸூஸ்கின்ட் எழுதிய அந்த நாவல் 1985-ல் வந்தது. ஐஷிங்கர் உடனே போய்க் கேட்டார். ஸூஸ்கின்ட் பேட்டி கொடுக்காதவர், விழாவுக்கு வராதவர், விருது வாங்காதவர். விற்க மாட்டேன் என்றுவிட்டார். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த இழுபறி. நடுவில் 1997-ல் ஹெல்முட் டீட்டல் என்ற இயக்குநர் 'ரொஸ்ஸினி' என்று ஒரு நையாண்டிப் படம் எடுத்தார். மியூனிக்கில் ஓர் இத்தாலிய உணவகம், அங்கே ஒரு தயாரிப்பாளர், கூச்ச சுபாவமுள்ள ஓர் எழுத்தாளரிடம் நாவலின் உரிமையைக் கேட்டுத் துரத்திக்கொண்டே இருப்பார். அந்தத் தயாரிப்பாளர் யார் சாயல் என்று மியூனிக்கில் எல்லோருக்கும் தெரியும். திரைக்கதையை டீட்டலோடு சேர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் பாட்ரிக் ஸூஸ்கின்ட்! உரிமையைத்தான் கொடுக்கவில்லை, துரத்தினதையே கதையாக்கிவிட்டார் :-)

கடைசியில் புத்தாயிரம் பிறந்த சமயத்தில் உரிமை கிடைத்தது. விலை சுமார் ஒரு கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. டாம் டிக்வர் இயக்க, 5 கோடி யூரோ செலவில் படம் வந்தது. அமெரிக்காவில் படுத்துவிட்டது. ஜெர்மனியில் 55 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், உலக வசூல் 13 கோடி டாலரைத் தாண்டியது. ஒரு சொத்தைக் கைப்பற்ற இத்தனை வருடம் காத்திருக்கிற பொறுமை எந்த வங்கிக்கும் இருக்காது, எந்தப் பங்குதாரருக்கும் இருக்காது.

பங்குதாரர் என்றதும் இன்னொரு விஷயம். ஜெர்மனியில் 1997-ல் 'நோயர் மார்க்ட்' என்று புதிய கம்பெனிகளுக்கான பங்குச் சந்தை தொடங்கினார்கள். சினிமா கம்பெனிகள் வரிசையாக அதில் இறங்கின, கான்ஸ்டன்டினும் 1999-ல் இறங்கியது. கையில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு கினோவெல்ட் மாதிரியான கம்பெனிகள் ஹாலிவுட் படங்களின் உரிமைகளைக் கண்ட விலைக்கு வாங்கிக் குவித்தன. 2000-க்குப் பிறகு குமிழி உடைந்தது. 2001-ல் கினோவெல்ட் திவால். 2002-ல் கிர்ஷ் குழுமம் திவால். 2003-ல் அந்தச் சந்தையையே இழுத்து மூடினார்கள். 2004-ல் ஸெனட்டர் திவால். கான்ஸ்டன்டின் பிழைத்தது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. மற்றவர்கள் வாங்கினது முடிந்த சரக்கு, அடுத்தவன் எடுத்த படத்தின் ஒளிபரப்பு உரிமை. ஐஷிங்கர் வாங்கினது கச்சாப் பொருள், நாவலும் வீடியோ கேமும். 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டின் உரிமையை வாங்கி எடுத்த முதல் படத்துக்குச் செலவு 3 கோடி டாலர் சொச்சம், வரவு 10 கோடி. 2016 வரை ஆறு படங்கள், மொத்த வசூல் 120 கோடி டாலருக்கு மேல். இருப்புநிலைக் குறிப்பில் இரண்டுமே 'புலனாகாச் சொத்து' என்ற ஒரே தலைப்பில்தான் வரும். ஒன்று நாளாக ஆகத் தேயும், இன்னொன்று குட்டி போடும்.

சரி, இவ்வளவு பாராட்டின பிறகு அசிங்கமான பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பதுகளில் 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் பட உரிமையை மார்வெலிடம் வாங்கி வைத்திருந்தார் ஐஷிங்கர். 1992 டிசம்பர் 31-க்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். பெரிய படத்துக்குப் பணம் திரளவில்லை. என்ன செய்தார்? மலிவுப் படங்களுக்குப் பேர்போன ரோஜர் கோர்மனைப் பிடித்து, சுமார் 10 லட்சம் டாலரில் ஒரு படத்தை, கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் தொடங்கிவிட்டார். படமும் முடிந்தது. நடிகர்கள் சொந்தக் காசைப் போட்டு ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தார்கள். 1994 ஜனவரியில் முதல் காட்சி என்று நாள்கூடக் குறித்தார்கள். திடீரென்று எல்லாம் ரத்து. படம் இன்றுவரை முறையாக வெளியாகவில்லை. திருட்டுப் பிரதிகளில்தான் பார்க்க முடிகிறது. உரிமை மட்டும் பத்திரமாக இருந்தது. 2005-ல் ஃபாக்ஸோடு சேர்ந்து 10 கோடி டாலரில் அதே கதை பெரிய படமாக வந்து 33 கோடி டாலர் சம்பாதித்தது.

வெளியிடும் எண்ணமே ஆரம்பத்திலிருந்து கிடையாது என்று மார்வெலின் ஸ்டான் லீ சொன்னார். அப்படியெல்லாம் இல்லை என்று ஐஷிங்கர் மறுத்தார். எது உண்மையானாலும், ஒப்பந்தத்தின் வரி நிறைவேறியது என்பதில் சந்தேகமில்லை. பட்டயக் கணக்காளர் யாரும் குறை காண முடியாத கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தப் படத்தில் உழைத்த ஒப்பனைக்காரரும் நடிகரும் ஒரு ஷரத்தைக் காப்பாற்றத் தாங்கள் பயன்படுத்தப்பட்டதை அறியாமலே ராப்பகலாக வேலை செய்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி 2015-ல் ஓர் ஆவணப்படமே வந்தது. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்பது இதற்குப் பதிலாகாது. நடிகன் சம்பளத்துக்காக மட்டுமா நடிக்கிறான்? நாலு பேர் பார்க்கத்தானே நடிக்கிறான்! ஐஷிங்கரின் வாழ்க்கையில் மன்னிக்கக் கஷ்டமான காரியம் இதுதான். எண்டே விவகாரத்தைவிட மோசம். எண்டேயின் புத்தகமாவது கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது.

தொலைக்காட்சியையும் அவர் விடவில்லை. 1996-ல் ஸாட்1 தனியார் சேனலுக்காக ஐம்பதுகளின் பழைய ஜெர்மன் படங்களைப் புதிதாக எடுக்கும் வரிசை ஒன்றைத் தொடங்கினார். அதில் 'ரோஸமரி என்ற பெண்' படத்தைத் தானே இயக்கினார். நீனா ஹோஸ் என்ற அருமையான நடிகை பிரபலமானது அதில்தான். 1999-ல் சினிமாவுக்காக இன்னொரு படமும் இயக்கினார். இயக்குநர் நாற்காலி அவருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை, விட்டுவிடலாம்.

பொருந்தியது எழுத்து. 'டௌன்ஃபால்' திரைக்கதை அவரே எழுதியது. யோஆகிம் ஃபெஸ்டின் வரலாற்று நூலும், ஹிட்லரின் செயலாளராக இருந்த ட்ராவ்டில் யுங்கேயின் நினைவுக் குறிப்புகளும் ஆதாரம். பட்ஜெட் 1 கோடியே 35 லட்சம் யூரோ. ஜெர்மன் மொழியில் ஒரு பெரிய படத்தில் ஹிட்லரை நடுவில் நிறுத்தி, அவர் நாயைக் கொஞ்சுவதையும் கை நடுங்குவதையும் காட்டலாமா என்று நாடே சண்டை போட்டது. 45 லட்சம் பேர் தியேட்டருக்குப் போனார்கள், ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. நீட்டிய வடிவம் 2005-ல் தொலைக்காட்சியில் இரண்டு பகுதியாக ஓடியது. கூர்மையாக எதிர்த்து எழுதியவர் வேறு யாருமல்ல, விம் வெண்டர்ஸ். இருபத்தைந்து வயது ஐஷிங்கர் யாருக்குத் தயாரிப்பாளராக நின்றாரோ அவரேதான். 2004-ல் 'டி ட்ஸைட்' வார இதழில் அவர் வைத்த கேள்வி எளிமையானது. சுற்றியிருக்கிற எல்லோர் சாவையும் காட்டுகிற கேமரா, ஹிட்லர் சாகும்போது மட்டும் ஏன் மரியாதையாகக் கதவுக்கு வெளியே நிற்கிறது? யார் பார்வையில் இந்தக் கதை சொல்லப்படுகிறது?

நல்ல கேள்வி. அதற்குப் படத்தில் பதில் இல்லை என்பதும் நிஜம். ஆனாலும் ஐஷிங்கர் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. ஹிட்லரை ராட்சசனாகக் காட்டினால் பார்க்கிறவனுக்கு நிம்மதி, நம் வீட்டில் ராட்சசன் இல்லை என்று எழுந்து போய்விடலாம். செயலாளரிடம் அன்பாகப் பேசிவிட்டு அடுத்த அறையில் ஒரு நகரத்தையே சாகக் கொடுக்கிற கிழவனாகக் காட்டினால் அந்த நிம்மதி கிடைக்காது. ப்ரூனோ கான்ஸின் நடிப்பு சாதித்தது இதைத்தான். இந்த ரிஸ்க்கை மானியக் கமிட்டி எதுவும் தானாக முன்வந்து எடுத்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், 2010-ல் அந்த யூட்யூப் நையாண்டிகளை நீக்கச் சொல்லிக் கான்ஸ்டன்டின் கிளம்பியது. படத்தின் இயக்குநர் ஹிர்ஷ்பீகலோ அவற்றை ரசித்துச் சிரிப்பதாகப் பேட்டி கொடுத்திருந்தார். எதிர்ப்பு வலுத்தது. சில மாதங்களில் நீக்குவது நின்று, சில வீடியோக்களில் விளம்பரம் ஓட ஆரம்பித்தது. சொந்தக்காரர் யார் என்ற கேள்வி மறுபடி முளைத்து, மறுபடி காசிலேயே தீர்ந்தது.

'பாடர் மைன்ஹோஃப்' (2008) வந்தபோது காசில் தீரவில்லை. எழுபதுகளின் தீவிரவாதக் குழுவைப் பற்றிய படம் அது. 1977-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ட்ரெஸ்ட்னர் வங்கித் தலைவர் யுர்கன் பான்டோவின் மனைவி, கணவர் சாவைக் காட்டிய விதம் பொய் என்று வழக்குப் போட்டார். அரசு தந்த விருதையே திருப்பிக் கொடுத்தார். 2009-ல் கொலோன் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மறுபடியும் சட்டத்தில் ஜெயம். நாவலுக்காவது விற்ற ஒப்பந்தம் இருந்தது. இந்த அம்மாள் யாருக்கும் எதையும் விற்கவில்லையே? நாட்டின் வரலாறு எல்லோருக்கும் பொது, அதைப் படமெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது சரிதான். அப்படி இல்லாவிட்டால் அதிகாரத்தில் இருந்தவர்களைப் பற்றி ஒரு படமும் வராது. ஆனால் ஒரு வீட்டு வரவேற்பறையில் விழுந்த சாவை இருநூறு தியேட்டரில் ஓட்டும்போது, அந்த வீட்டில் மிச்சமிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குச் சட்டம் தேவையில்லை.

ஐஷிங்கர் 2011 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மாரடைப்பால் இறந்தார். 61 வயது. எட்டு வருடம் நிலவறையில் அடைத்து வைக்கப்பட்டுத் தப்பித்த ஆஸ்திரியப் பெண் நடாஷா கம்புஷின் கதையைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டிருந்தார், பாதியில் நின்றது. மற்றவர்கள் முடித்து 2013-ல் '3096 நாட்கள்' என்று வெளியானது. இந்த முறை கதைக்குச் சொந்தக்காரரின் சம்மதத்தோடுதான் வேலை தொடங்கியிருந்தது. மியூனிக் திரைப்படக் கல்லூரியின் புதிய கட்டடம் இப்போது பெர்ண்ட் ஐஷிங்கர் சதுக்கம், எண் 1 என்ற முகவரியில் இருக்கிறது. இயக்குநர் ஆக வேண்டும் என்று விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் எல்லோரும் உறையின் மேல் ஒரு தயாரிப்பாளரின் பெயரை எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.